ஏழாம் சொற்பொழிவு, நாற்பதாம் நிமிடம்

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பளமுமாக நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற தூத்துக்குடியில், மாதா கோயில் பின்தெருவில், எமரன்சியா கொரைரா என்கிறவள் ஒரு புதன்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்குச் சீலா மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். மசாலா அரைத்தாயிற்று, புளி ஊறுகிறது, குக்கர் இரண்டாவது விசிலுக்கு மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அப்போது அவள் வாய் அவளைக் கேட்காமலே திறந்து பாடத் தொடங்கியது.

"எந்த மரத்தை வெட்டினாரோ, என் மகனே, அந்த மரம் அழவில்லையோ" என்று அது பாடியது. பெரிய வெள்ளிக்கிழமையில் மாதாவுக்காகப் பெண்கள் அழுது பாடுகிற புலம்பல். குரல் ஐம்பத்தாறு வயதுக் குரல் அல்ல, பத்தொன்பது வயதுக் குரல், எண்ணெய் தடவிப் பின்னிய ஜடை மாதிரி வழவழவென்று முறுக்கேறி இறங்குகிற குரல். ஒன்றரை நிமிடம் பாடிவிட்டு ஒரு சொல்லின் பாதியில் நறுக்கென்று நின்றது. எமரன்சியா புறங்கையால் வாயைத் துடைத்தாள், மீதி மீனை நறுக்கினாள், குழம்பைக் கூட்டினாள். வேறென்ன செய்ய? வாய் தானாகப் பாடியது என்று சொன்னால் மத்தியானம் வீட்டில் யாருக்கும் பசிக்காமல் போகுமா?

அந்த வாரம் ஊருக்குப் பேச வேறு விஷயம் இருந்தது. தமிழிசை ஆய்வரங்கத்தின் செயலாளர் அழகியநம்பி, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், சட்டைப் பித்தானைக்கூடச் சரிபார்த்துப் போடுகிற மனிதர், சம்பந்தி வீட்டுத் துக்கத்தில் பாடையைத் தூக்குகிற நேரம் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டார் என்று மீன்கடையிலிருந்து நகைக்கடைவரை பேசினார்கள். ஆகவே எமரன்சியா பாடியது பக்கத்து வீட்டுச் சண்முகவடிவுக்கு மட்டும்தான் தெரிந்தது.

"யக்கா, நீங்க பாடுவீயளா? இருவது வருசமா சுவரு ஒண்ணா இருக்கோம், ஒரு நாளும் கேட்டதில்லியே!"

"நான் பாடல."

"பின்ன?"

"வாய் பாடுச்சு. போய் உன் பாலைப் பாரு, பொங்குது."

எமரன்சியா பாடுவதில்லை. முப்பத்தேழு வருடமாகக் கோயிலில்கூடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பாள்.

அடுத்த சனிக்கிழமை மாலை, அவள் கணவன் டெரன்ஸ், கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர், ஆய்வரங்கத்துக்குப் போனார். அங்கே பழைய இசைச் சொற்பொழிவுகளின் வீடியோப் பதிவுகளைத் தூசி தட்டி வாரம் ஒன்றாகப் போட்டுக் காட்டினார்கள்; பேராசிரியர் சிவசூரியன் எண்பத்தெட்டில் பேசிய பன்னிரண்டு சொற்பொழிவுகள், தமிழிசையின் வரலாறு, பாடிக் காட்டும் விளக்கங்களுடன். ஏழாவது சொற்பொழிவின் நாற்பதாம் நிமிடத்தில், மேடையோரம் இரட்டை ஜடை போட்ட கல்லூரிப் பெண் ஒருத்தி ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மிருதங்கம் கேட்டது, மின்விசிறி கிரீச்சிட்டது கேட்டது, அவள் குரல் மட்டும் வரவில்லை. டெரன்ஸ் திரையையே பார்த்தார். அந்த ஜடையும் அந்த முகவாயும் அவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருந்தன. அதே நேரம் சட்டைப்பையில் கைபேசி துடித்தது. சண்முகவடிவு.

"அண்ணே, அக்கா மறுபடியும் பாடுதாவ. கையில சாம்பார்க் கரண்டி வேற. சீக்கிரம் வாங்க."

இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. இரண்டே வாரத்தில் விதியையும் கண்டுபிடித்துவிட்டார்கள்: பதிவில் உள்ளவர் செத்திருந்தால் குரல் பெட்டியிலிருந்து வரும், உயிரோடிருந்தால் குரல் அவரவர் தொண்டைக்குத் திரும்பிவிடும். பேராசிரியர் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது, அதனால் அவர் கணீரென்று பேசினார். மற்றப் பாட்டுகளைப் பாடிய வித்வான்கள் எல்லாரும் முறையாகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள், அதனால் அவர்களும் பெட்டிக்குள்ளேயே ஒழுங்காகப் பாடினார்கள். எமரன்சியா ஒருத்திதான் உயிரோடிருந்து ஆய்வுக்கு இடைஞ்சல் செய்தாள். ஏன் இப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று இங்கே யார் கேட்கிறார்கள், குடை எங்கே என்றுதானே தேடுகிறார்கள். ஊர் கேட்டுக்கொண்டதால் ஆய்வரங்கத்தில் ஏழாம் சொற்பொழிவையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். சனிக்கிழமைதோறும் அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் ஊரில் அறுபது தாண்டிய நாலைந்து பேர் ஒரே சமயத்தில் இருமினார்கள். அதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பங்குச் சாமியார் ஆய்வரங்கத்துக்கு ஆள் அனுப்பி, ஞாயிறு பூசை நேரத்தில் ஏழாம் சொற்பொழிவைப் போட வேண்டாம், நற்கருணை தூக்கும்போது இடையூறாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார். முனையிலிருந்த டீக்கடைக்காரர் சனிக்கிழமைகளில் இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட்டார். பல் முளைக்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, பாடுகிற நேரம் பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைத்தார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணின் தகப்பன் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனான், அடுத்த வாரம் அவனே மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பின்தெருப் பெண்கள் பாட்டைப் பாடமே பண்ணிவிட்டார்கள். பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்தார்கள், பாதிச் சொல்லில் நிறுத்துவது உட்பட. ஆய்வரங்கக்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒரு வழி கண்டார்கள். படம் அங்கே, சத்தம் இங்கே என்றிருந்தால் ஆய்வு எப்படி நடக்கும்? அழகியநம்பி மேடையில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போடச்சொல்லி எமரன்சியாவை உட்காரவைத்தார், பொன்னாடை போர்த்தினார், இளநீர் கொடுத்தார். திரையின் அடியில் எழுத்து ஓடியது: பிழைப் பாடத்துக்குச் சான்று, பெண் குரல்.

ஆமாம், பிழைப் பாடம். அதுதான் அந்த நாற்பதாம் நிமிடம். "முகாரி ராகம் எவ்வளவு பெரிய சொத்து! அதைக் கடற்கரைப் பெண்கள் எப்படிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இந்தப் பெண் ஒரு சான்று பாடிக் காட்டுவார்" என்று பேராசிரியர் சொன்னது, பாடுவதற்கு எழுந்து நின்ற பிறகுதான் பத்தொன்பது வயது எமரன்சியாவின் காதில் விழுந்தது. கான்வென்ட்டிலிருந்து கூட்டிப்போன சிஸ்டர் ஜெர்மானா, உன் அம்மா பாடுகிற மாதிரியே பாடு, பெரியவர்கள் கேட்கப் போகிறார்கள் என்றுதான் சொல்லியிருந்தார். எமரன்சியா அம்மா மதலேனையும் வரச்சொல்லியிருந்தாள். மதலேன் பெட்டியிலிருந்து எடுத்த சேலையில் மடிப்புக் கலையாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எமரன்சியா பாடினாள். மண்டபம் சிரித்தது. அவள் பாதிச் சொல்லில் நிறுத்தினாள். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் தாயும் மகளும் பேசவில்லை. மதலேன் அதற்குப் பிறகு எந்தப் பெரிய வெள்ளிக்கும் வாய் திறக்காமல் ஒன்பது வருடம் இருந்து செத்துப்போனாள்.

இதைச் சொல்லி யாரிடம் அழ? எமரன்சியா பொன்னாடையை மடித்து அரிசி டிரம்முக்கு மூடியாகப் போட்டுவைத்தாள்.

வினை கோயம்புத்தூரிலிருந்து வந்தது. அங்கே ஓர் ஆராய்ச்சி மாணவி பென்டிரைவில் பிரதி வாங்கிப்போயிருந்தாள். ஸ்வரம் எழுதுவதற்காக, சத்தமில்லாத உதட்டசைவைப் பார்த்துப் பார்த்து, பதினோரு விநாடியை நாற்பது தடவை திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறாள். நல்ல பிள்ளை, அவளுக்கென்ன தெரியும். எமரன்சியா அந்நேரம் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்து வாயில் பாறை மீனை வைத்திருந்தாள். முதல் தடவையிலேயே முள் உள்ளே போய்க் குறுக்கே நின்றது. வாயை மூட முடியவில்லை, துப்ப முடியவில்லை, பாட்டு நிற்கவில்லை. டெரன்ஸ் முதுகில் அறைந்தார், சண்முகவடிவு வெறுஞ்சோற்றை உருட்டிக்கொண்டு ஓடிவந்தாள், ஆட்டோவில் தூக்கிப்போட்டுப் போகிற வழியெல்லாம் "அந்த மரம், அந்த மரம், அந்த மரம்" என்று அவள் வாய் இரத்தத்தோடு பாடிக்கொண்டே போனது. டாக்டர் இடுக்கியை உள்ளே விட்டபோதும் பாடியது. இடுக்கியின் நுனி நடுங்கியது.

"அரை அங்குலம் தள்ளியிருந்தா மூச்சுக்குழாய்" என்றார் டாக்டர். "இனிமே மீன் சாப்பிடும்போது பேசாதீங்கம்மா."

"நான் எங்க பேசினேன்" என்று எழுதிக் காட்டினாள் எமரன்சியா. மூன்று நாள் கஞ்சிதான்.

அந்த மூன்றாம் நாள், புதன்கிழமை சாயங்காலம், அழகியநம்பி ஆப்பிளோடு பார்க்க வந்தார். ஆப்பிளைக் கொடுத்த கையோடு அழைப்பிதழையும் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை ஆய்வரங்கத்தின் இணையதளம் திறக்கிறார்கள், பன்னிரண்டு சொற்பொழிவும் ஏறப்போகிறது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எந்நேரமும் தட்டிக் கேட்கலாம்.

"எந்நேரமும்" என்றாள் எமரன்சியா.

"ஆமாம்மா. லண்டன், சிங்கப்பூர், கனடா. உங்க குரல் எங்கெல்லாம் போகப்போகுது பாருங்க!"

"எங்கயும் போகாது சார். அவங்க ஊமைப் படம் பாப்பாங்க. கேக்கப் போறது இந்தப் பின்தெரு. சோத்துல கை வைக்கையில, பல்லு தேய்க்கையில, தூங்கையில, கோயில்ல நாக்க நீட்டி நன்மை வாங்கையில எவனோ ஒருத்தன் தட்டுவான். நான் வாயத் திறந்துகிட்டே சாகணுமா?"

"அம்மா, இது வரலாறு."

"வரலாறு உங்களுக்கு. முள்ளு எனக்கு."

டெரன்ஸ் கனைத்தார். "சார், அந்த ஒண்ணரை நிமிசத்த மட்டும் எடுத்துட முடியாதா?"

"பதிவை வெட்டறது பாவம், டெரன்ஸ். ஆவணம்னா முழுமை. நான் ஒரு விநாடியைக்கூடத் தொடமாட்டேன்."

"அப்ப அந்தச் சிரிப்பையும் போடுவீங்க" என்றாள் எமரன்சியா.

அழகியநம்பி வாய்க்குக் கொண்டுபோன காப்பி டம்ளரை வட்டாவில் இறக்கினார். "எந்தச் சிரிப்பு?"

"நான் பாடினப்ப மண்டபம் சிரிச்சுதே, அது."

"அப்படி ஒண்ணும் பதிவுல இல்லியேம்மா. நீங்களும்தான் வாரா வாரம் பக்கத்துல உக்காந்து பாக்கறீங்க. பாட்டு நிக்குது, அடுத்த விநாடி பேராசிரியர் பேசறார். நீங்க சின்னப் பொண்ணு அப்ப, பயத்துல என்னவோ நெனச்சிருப்பீங்க." காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவர் போன பிறகு எமரன்சியா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மேடை நாற்காலியில் உட்காருகிறபோதெல்லாம் அவளும் அந்த இடத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தவள்தான்; சிரிப்பு வந்ததில்லை. முப்பத்தேழு வருடமாக எந்தச் சிரிப்புக்குப் பயந்து அவள் வாயைப் பூட்டி வைத்தாளோ, அம்மா எந்தச் சிரிப்பால் ஊமையானாளோ, அந்தச் சிரிப்பே நடக்கவில்லையென்றால் அவள் பைத்தியக்காரி. நடந்ததென்றால் அவர் பொய்யர். இரண்டில் ஒன்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் பாக்கியநாதனின் வீடியோக் கடைக்குப் போனாள். ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாண வீடியோ எடுத்தவர், எண்பத்தெட்டில் அந்தச் சொற்பொழிவை எடுத்தவரும் அவர்தான், இப்போது நாடாவைக் கணினியில் ஏற்றுகிற வேலையும் அவரிடம்தான்.

"சார் குடுத்த பிரதி வேண்டாம். நீங்க எடுத்த நாடாவப் போடுங்க."

பாக்கியநாதன் தலையைச் சொறிந்தார். "அத நான் முழுசா ஒரே ஒரு தரம்தான் ஓட்டினேன், தாயி. ஏத்தின அன்னைக்கு. ஒரு புதன்கிழம. ஒண்ணு ரெண்டு எடத்துல சத்தமே வரலன்னு அன்னைக்கே சாருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். மறுநாள் விடியக்காலமே நம்பி சார் வந்து நின்னாரு. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி. ஒம்பது செகண்ட வெட்டுன்னாரு. சத்தம் சரியில்லயாம்."

"எந்த ஒம்பது செகண்டு?"

"நீ பாடி நிறுத்தினதுக்குப் பொறவு உள்ளது."

எமரன்சியா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஓட்டுங்க."

ஓடியது. அவள் வாய் திறந்தது, முள் கிழித்த தொண்டை எரிய எரிய ஒன்றரை நிமிடம் பாடியது, பாதிச் சொல்லில் நின்றது. அப்போது படம் சபைப் பக்கம் திரும்பியது. முன்வரிசை முழுக்க வாய்கள். தங்கப்பல் தெரிய ஒருவர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவர், வெள்ளை முக்காட்டுக்குள் தோள் குலுங்க சிஸ்டர் ஜெர்மானா, நடுவில் தலையைப் பின்னால் சாய்த்துத் தொடையில் தட்டிக்கொண்டு, மீசை கறுத்த, முப்பது வயது அழகியநம்பி. சத்தம் மட்டும் இல்லை. செத்துப்போன இரண்டு மூன்று பேரின் சிரிப்பு மட்டும் காய்ந்த நெற்று மாதிரி கலகலத்து ஓய்ந்தது. அந்த இடத்தில், இத்தனை பேர் சிரிப்புக்கு அடியில் முப்பத்தேழு வருடம் புதைந்து கிடந்த ஒரு குரல், கடைசி வரிசையிலிருந்து, கட்டை விரலால் தட்டுகிற மாதிரி தெளிவாக வந்தது.

"ஏட்டி, நிறுத்தாத. நீ பாடு."

பாக்கியநாதன் நாடாவை நிறுத்தினார். "யாரது?"

"எங்கம்மா" என்றாள் எமரன்சியா. முகத்தை முந்தானையால் ஒரு தரம் அழுத்தித் துடைத்தாள். "பாட்டு வேண்டாம். அந்த ஒம்பது செகண்ட மட்டும் மறுபடியும் போடுங்க."

"நிறுத்தாத. நீ பாடு."

"இன்னொரு தரம்."

பழிவாங்கவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. சத்தியமாக அந்த நேரத்தில் ஊரில் வேறு யாருக்காவது தொண்டை இருக்கிறது என்பதே அவள் நினைவில் இல்லை. அம்மா பேசினாள், அவள் கேட்டாள், இன்னொரு தரம் என்றாள். நாலாவது தரம் ஓடும்போதுதான் எதிரிலிருந்த மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு நின்ற ஒரு பெரியவர் ஹோவென்று சிரிப்பது காதில் விழுந்தது. கையில் மருந்துச் சீட்டு, கண் நிறையப் பயம், வாய் மட்டும் சிரிக்கிறது. ஒன்பது விநாடி. ஐந்தாவது தரமும் அதே ஒன்பது விநாடி. எமரன்சியா பெரியவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். திரையில் துண்டால் வாயைப் பொத்தியவர்.

புதன்கிழமை. பத்தே முக்கால். சம்பந்தி வீட்டுப் பாடை. அவள் மூன்றையும் சேர்த்துப் பார்த்தாள். அந்த மனிதருக்கு அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது, ஊருக்கும் முன்னால், அவளுக்கும் முன்னால். தெரிந்துகொண்டு தன் ஒன்பது விநாடியை வெட்டி எறிந்துவிட்டு, அவளுடைய ஒன்றரை நிமிடத்துக்கு நாற்காலி போட்டு இளநீர் கொடுத்திருக்கிறார்.

"தாயி, போதுமா?"

"போதாது. போடுங்க."

பதினோராவது தரம் ஓடும்போது கடை வாசலில் கார் வந்து நின்றது. அழகியநம்பி கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கினார். நாளைய விழாவுக்காக அதிகாரிகளோடும் பத்திரிகைக்காரர்களோடும் உட்கார்ந்திருந்தவர், மறைந்த பேராசிரியருக்கு மௌன அஞ்சலி நேரத்தில் ஆரம்பித்ததாம். வாசற்படியிலும் வந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு, தலை பின்னால் சாய, தொடையில் தட்ட இடமில்லாமல் கதவில் தட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"நிறுத்து... பாக்கியநாதா... நிறுத்துப்பா..."

பாக்கியநாதன் எமரன்சியாவைப் பார்த்தார். அவள் தலையசைத்ததும் நிறுத்தினார்.

அழகியநம்பி அங்கிருந்த பழைய ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்கம்மா" என்றார். "பேராசிரியர் சிரிச்சார், நாங்களும் சிரிச்சோம். அவர் சிரிச்சா சிரிக்கணும், அதான் வழக்கம். முகாரி எது, பிழை எதுன்னு எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது."

"இப்ப தெரியுமா?"

"இப்பவும் தெரியாது."

"அது போகட்டும். ஆவணம்னா முழுமைன்னீங்களே. நாளைக்கு முழுசா ஏத்துங்க, நான் வேண்டாம்னு சொல்லல. லண்டன்ல இருந்து தட்டுவாங்க, நான் பாடுதேன். கடைசியில ஒம்பது செகண்டு நீங்க சிரிங்க. உங்க பேத்திக்குத் தை மாசம் கல்யாணமாம்ல? தாலி கட்டையில கெட்டிமேளத்தோட சேந்து சிரிங்க."

"அம்மா!"

"அம்மாதான். சொல்லுங்க."

அவர் கூட்டத்திலிருந்து கையோடு வந்துவிட்ட அழைப்பிதழ்க் கட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டேயிருந்தார். இத்தனை வாரத்தில், நாற்காலி போட்டபோதும் பொன்னாடை போர்த்தியபோதும் கேட்காத ஒன்றை அப்போதுதான் கேட்டார்: "நீங்களே சொல்லுங்க. என்ன செய்யலாம்?"

எமரன்சியா திரையைப் பார்த்தாள். கடைசி வரிசை இருட்டில் ஒரு சேலையின் வெளிறல் மட்டும் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"ஏழாவது இணையத்துல ஏறக்கூடாது. கோயம்புத்தூர்ப் பிள்ளைகிட்ட இருக்கிறத திருப்பி வாங்கிடுங்க. ஸ்வரம் எழுதணும்னா இங்க வரட்டும், சோறு போட்டு எழுதவைக்கிறேன். பெண் குரல்னு ஓடுதே, அத எடுத்துட்டு எம்பேரப் போடுங்க. பிழைப் பாடம்னு இருக்கிற எடத்துல எங்கம்மா பேரு. மதலேன் பாடம்."

"சரிம்மா. அப்ப நாடாவ பூட்டி வச்சிரலாமா? இனிமே ஓட்டவே வேண்டாமா?"

"ஏன் வேண்டாம்? எங்கம்மா பேசுதா, நான் கேக்க வேண்டாமா? செவ்வாய்க்கிழம, காலையில பதினோரு மணி. அப்ப எனக்குச் சோறு கொதிக்கிற நேரம், வாயில ஒண்ணும் இருக்காது. டெரன்ஸ் ஆய்வரங்கத்துல உக்காந்து ஃபோன்ல கேக்க வைப்பாரு. வெட்டின ஒம்பது செகண்டையும் ஒட்டி முழுசா ஓட்டுங்க. சிஸ்டர்கிட்ட சொல்லிருங்க, அந்நேரத்துல ஜெபக்கூடத்துக்குள்ள போக வேண்டாம்னு. மத்தவங்களும் செவ்வாய்க்கிழம பதினோரு மணிக்குச் சாவு வீட்டுக்குப் போகாம இருந்துக்கிடுங்க."

பையை எடுத்துக்கொண்டு அவள் வெயிலில் இறங்கினாள். எதிர்க்கடைப் பெரியவர் இன்னமும் வாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூத்துக்குடியில் இப்போது செவ்வாய்க்கிழமை பதினோரு மணி அடிக்கும்போது, பெரிய மனிதர் வீடுகள் சிலவற்றில் கதவைச் சாத்தி, சன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்துக்கொள்கிறார்கள். பின்தெருவில் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வருகிறார்கள்.